பிளேடு மாற்றும் சவரக்கத்தி: குறையைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

புதிதாக வாங்கிய கத்தி முகத்தைக் கீறுகிறது என்றால் சலூனில் கேட்டாலும் வீட்டில் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கை பழகணும்." கை பழக வேண்டியதுதான். ஆனால் பிளேடு ஒழுங்காக உட்காராத கத்தியில் ஆறு மாதம் பழகினாலும் கீறல் நிற்காது. இந்த வகைக் கத்தியில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி, பிளேடும் அதைக் கவ்வும் வாயும் ஒன்றோடொன்று பொருந்தாததால் வருகிறது. அடுத்த காரணம் தண்ணீர். கையின் தவறு அதற்கும் பிறகுதான். பெரும்பாலான குறைகளை பிளேடு, தண்ணீர், கை என்ற வரிசையிலேயே பாருங்கள். வேறு கத்தி வாங்கத்தான் வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது என்பதையும் அந்தந்தக் குறையோடு சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

கையில் இருப்பது எந்த வகை?

இது தெரியாமல் எதையும் சரிசெய்ய முடியாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கத்திகள், போடும் பிளேடில் மூன்றாகப் பிரிகின்றன.

முதல் வகை பாதி பிளேடு கத்தி. பெட்டிக்கடையில் கிடைக்கும் இருபக்க பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்து ஒரு பாதியைப் போடுவது. முழு பிளேடு ஏறக்குறைய 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. கனம், உடைத்த பாதி 11 மி.மீ. அகலம் இருக்கும். பாதியாகவே வெட்டி அடைத்து வரும் பாக்கெட்டும் உண்டு. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சலூன்களில் சாதாரணமாகப் பார்ப்பது இந்தக் கத்திதான்.

இரண்டாவது, ஆர்ட்டிஸ்ட் கிளப் என்ற பெயரில் வழங்கும் ஜப்பானிய வகை. ஜப்பானின் செகி நகரத்து ஃபெதர், காய் ஆகிய நிறுவனங்களின் பிளேடுகள் இதில் பெயர் பெற்றவை. கனம் சுமார் கால் மில்லிமீட்டர். பாதி பிளேடைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்பதால் வளையாது.

மூன்றாவது, 62 மி.மீ. நீள பிளேடு போடுவது. ஜெர்மனியின் சோலிங்கனில் உள்ள டோவோ போன்ற நிறுவனங்களின் கத்திகளில் இதைப் பார்க்கலாம். பழைய தீட்டுக் கத்தியின் நீளத்துக்குக் கிட்டே வரும். தாடை வளைவிலும் மூக்கின் கீழும் இந்த நீளமே இடைஞ்சல். தலையை மழிக்க நல்லது.

எங்கள் கருத்து இதுதான்: முதலில் பிளேடைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அதற்கேற்ற கத்தியை வாங்குங்கள். இருபக்க பிளேடு பென்னாகரத்திலும் கிடைக்கும், ஊத்தங்கரையிலும் கிடைக்கும், இரவு எட்டு மணிக்குத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். மற்ற இரண்டு வகைக்கும் பெரும்பாலும் ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். பிளேடு தீர்ந்துபோய், கிடைத்ததைக் கத்தியின் வாயில் திணித்துப் போடுவதில்தான் பாதிக் காயங்கள் நடக்கின்றன. பாதி பிளேடை ஜப்பானிய வகைக் கத்தியில் போட்டால் உள்ளே ஆடும். ஜப்பானிய பிளேடு பாதி பிளேடு கத்தியில் முழுதாக நுழையாது.

கடையில் ஒரு கேள்வி போதும். "அண்ணே, இதுல எந்த பிளேடு போடணும்?" என்று கேளுங்கள். "எல்லாமே போடலாம் தம்பி" என்று பதில் வந்தால், அங்கேயே ஒரு பிளேடை வாங்கிப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கோடு போட்டது போல மெல்லிய கீறல், அதுவும் தாடை ஓரத்திலும் காது அருகிலும்

கீறல் ஒரு முடி அகலத்தில், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இருந்தால் வெட்டியது பிளேடின் வெட்டு முனை அல்ல, மூலை. பிளேடின் இரண்டு நுனி மூலைகளும் கத்தியின் வாயை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

வெளிச்சத்துக்கு எதிராகக் கத்தியைப் பிடித்து, வாயின் இரு ஓரங்களையும் பாருங்கள். பிளேடு ஓரத்தில் கடைசி வரை வந்து, மூலை கூராகத் தெரிந்தால் அதுதான் காரணம். நல்ல கத்தியில் வாயின் ஓரங்கள் உருண்டு, பிளேடின் மூலையைத் தாண்டி அரை மில்லிமீட்டராவது வெளியே நிற்கும். பிளேடு ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் எடுத்து மறுபடி நடுவில் வைத்தால் போதும். நடுவில் வைத்த பிறகும் இரு மூலையும் வெளியே நின்றால் கத்தியின் அமைப்பே அப்படி. அதைக் கையால் சரிசெய்ய முடியாது. அரம் வைத்து பிளேடு மூலையைத் தேய்க்க வேண்டாம். தேய்த்த இடத்தில் பிசிறு நிற்கும், அது இன்னும் மோசமாகக் கீறும்.

மூலைகள் மறைந்திருந்தும் கீறுகிறது என்றால், கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்துகிறீர்கள். முகத்தில் வைத்த கத்தி, வாய்க்குக் குறுக்கே முன்னோக்கி மட்டுமே போக வேண்டும். காது மடலுக்குக் கீழே திருப்பும்போது கத்தியை முகத்திலிருந்து எடுத்துவிட்டுத் திருப்புங்கள்.

கத்தி தத்தித் தத்திப் போகிறது, முடியைப் பிடித்து இழுக்கிறது

இதுதான் அதிகம் பேர் சொல்லும் குறை. காரணமும் ஒன்றல்ல என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

முதலில் பிளேடு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிளேடைப் போட்டுக் கத்தியைப் பூட்டிய பிறகு, ஒரு தீக்குச்சியின் மரப்பக்கத்தால் பிளேடின் நடுவில், தட்டையான பக்கத்தில் மெதுவாக அழுத்துங்கள். விரலால் செய்ய வேண்டாம். பிளேடு கொஞ்சம் வளைந்து திரும்பினால் அது உலோகத்தின் குணம். "டிக்" என்று நகர்ந்தாலோ வாய்க்குள்ளேயே ஆடினாலோ கவ்வல் தளர்ந்திருக்கிறது. கவ்வலைத் தனியாகச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. பிளேடு போடாமல், ஒரு பக்க நோட்டுத்தாளை வாயில் வைத்துப் பூட்டி இழுங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்திலும் ஒரே அளவு இறுக்கத்தோடு வர வேண்டும். ஒரு ஓரத்தில் தாள் வழுக்கி வந்தால், வாயின் இரண்டு இதழும் அங்கே ஒட்டவில்லை. பிளாஸ்டிக் வாய் உள்ள மலிவுக் கத்திகளில் இது வெயிலிலும் சுடுதண்ணீரிலும் நாளடைவில் வரும், திருப்ப முடியாது. எஃகு வாயில் இடையே காய்ந்த சோப்போ துருவோ இருந்தாலும் இதே போல வழுக்கும். பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

இரண்டாவது, பிளேடு வெளியே எவ்வளவு நிற்கிறது என்பது. பாதி பிளேடின் கனம் 0.1 மி.மீ. மட்டுமே. அது வாயை விட்டு அதிகம் வெளியே வந்தால் முடியில் மோதியதும் வளையும், விடுபடும், மறுபடி வளையும், தத்துவது அதனால்தான். ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை வெளியே நின்றால் சரி. இரண்டைத் தாண்டினால் அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள். அளக்க ஸ்கேல் தேட வேண்டாம்: இரண்டு ஏ.டி.எம். கார்டுகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அதைக் கத்தியின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணால் ஒப்பிடலாம். முனையில் கார்டு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பிடிக்கும் சாய்வு. தோலுக்கும் கத்திக்கும் இடையே ஏறக்குறைய 30 டிகிரி போதும். கண்ணாடி முன்னால் நின்று டிகிரி கணக்குப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பிளேடின் முனையிலிருந்து கத்தியின் முதுகு வரை எத்தனை மில்லிமீட்டரோ, அதில் பாதி அளவு முதுகு தோலை விட்டு எழும்பினால் சாய்வு 30 டிகிரி. 20 மி.மீ. அகலக் கத்தி என்றால் முதுகு 10 மி.மீ. எழும்ப வேண்டும், அதாவது ஒரு சுண்டுவிரல் கனத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் தூக்கினால் பிளேடு முடியை வெட்டாமல் தோலைச் சுரண்டும்.

நான்காவது, முடி நீளம். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிய தாடியை நேரே இந்தக் கத்தியில் எடுக்க வேண்டாம். முதலில் டிரிம்மரோ கத்தரியோ போட்டுக் குறையுங்கள். நீளமான முடி நுரையோடு சேர்ந்து வாயை அடைக்கும். அடைத்த வாய் தோலில் வழுக்காது.

பிளேடு ஒரு பக்கம் அதிகமாகத் துருத்துகிறது

பெரும்பாலும் உடைத்த விதம்தான் காரணம். முழு பிளேடை காகிதத்திலிருந்து எடுத்து வெறுங்கையால் உடைத்தால், நடுவில் உள்ள துளைகளின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு வாயின் உட்சுவரில் முட்டி பிளேடைச் சாய்த்துவிடும். ஒழுங்காகச் செய்வது இப்படி:

பிளேடைக் காகித உறையோடே வையுங்கள். இரண்டு வெட்டு முனைகளும் ஒன்றை ஒன்று பார்க்கும்படி, உறையோடு நீளவாக்கில் மடியுங்கள். உறைக்குள் "டக்" என்று பிளந்துவிடும். பிளந்ததும் ஒரு பாதியை அதன் இரு குறுகிய ஓரங்களைப் பிடித்து எடுங்கள். வெட்டு முனையில் விரல் போகவே கூடாது. உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பற்களைப் போலப் பிசிறு இருந்தால் அந்தப் பாதியைப் போடாதீர்கள். வாயைத் திறந்து, உள்ளே ஆணியோ மேடோ இருந்தால் பிளேடின் உடைந்த பக்கத்தில் உள்ள பள்ளங்கள் அதில் உட்காரும்படி வையுங்கள். பிறகு பூட்டி, முனையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, இரு ஓரமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு ஓரம் அதிகம் தெரிந்தால், வேறு கம்பெனி பிளேடு போட்டுப் பாருங்கள். இந்தப் பள்ளங்களின் அளவில் கம்பெனிக்குக் கம்பெனி சிறு வேறுபாடு உண்டு. மூன்று கம்பெனி பிளேடிலும் ஒரே ஓரம் துருத்தினால் கத்தியின் ஆணி கோணல். கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய சரக்கு. உடைத்த பிளேடோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்குப் பாதி பிளேடு பாக்கெட் ரொம்ப வசதி. அதன் முதுகு நேராக வெட்டியே வரும்.

சவரம் முடிந்ததும் முகம் எரிகிறது, சிவக்கிறது, நுரை நிற்கவில்லை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் குறைக்கு முதல் சந்தேகம் தண்ணீர்மேல்தான் வர வேண்டும். நம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது பலருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தடுப்பு என்பது இருக்கிறது. ஆனால் சவரத்தைக் கெடுப்பது ஃப்ளோரைடு அல்ல, அதே தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். இவை சோப்போடு சேர்ந்து திரிதிரியான வெள்ளைப் படிவை உண்டாக்கும். நுரையாக வேண்டிய சோப்பு படிவாகப் போய்விடும். நுரை இல்லாத தோலில் 0.1 மி.மீ. பிளேடு நேரடியாக ஓடினால் எரியாமல் என்ன செய்யும்.

சோதனை எளிது. அரை லிட்டர் பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சாதாரண துணி சோப்புக் கட்டியிலிருந்து நகத்தளவு சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். டிடர்ஜென்ட் பவுடரோ டிடர்ஜென்ட் கட்டியோ போட்டால் எதிலும் நுரை வரும், பதில் கிடைக்காது. நுரை தடிமனாக நின்று தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர். நுரை உடனே அடங்கி, பால் தெறித்தது போல மேலே திட்டுத்திட்டாக மிதந்தால் உப்புத் தண்ணீர்.

உப்புத் தண்ணீர் என்றால் வீட்டை மாற்ற வேண்டியதில்லை. ஒரு சவரத்துக்கு நுரைக்கும் கழுவலுக்கும் சேர்த்து அரை லிட்டர் நல்ல தண்ணீர் போதும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆர்.ஓ. தண்ணீரை எடுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துப் புழங்கும் வீடுகள் உண்டு. அது வீடு துடைக்கச் சரி, சவரத்துக்கு வேண்டாம். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கொதிக்க வைத்து ஆறவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி அடியில் வெள்ளைப் படிவாகத் தங்கும். மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடுத்தால் ஓரளவு பயன் உண்டு. வேறு வழியே இல்லையென்றால் கிரீமின் அளவை இரண்டு மடங்காக்குங்கள்.

தண்ணீர் சரி, ஆனாலும் எரிகிறதா? ஊறும் நேரத்தைப் பாருங்கள். நனைந்த முடி மென்மையாக இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கும்போது வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் வைத்த பிறகே பிரஷை எடுங்கள். தருமபுரி கோடையில் சிக்கல் நேர் எதிர்: மின்விசிறிக் காற்றில் நுரை பாதியிலேயே காய்ந்துவிடும். ஒரு கன்னத்துக்கு மட்டும் நுரை போட்டு, எடுத்து, அடுத்ததுக்குப் போகலாம்.

படிகாரக் கட்டி நல்ல துப்புக் கொடுக்கும். சவரம் முடிந்து கழுவிய முகத்தில் நனைத்த படிகாரத்தைத் தேயுங்கள். எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள், அல்லது சாய்வு அதிகம். அடுத்த முறை அந்த இடத்தில் மட்டும் கவனம் வைத்தால் போதும்.

இரண்டு நாள் கழித்துக் கழுத்தில் பொரிப்பொரியாக வருகிறது

முடி வளரும் திசைக்கு எதிராக இழுத்ததால், வெட்டிய நுனி தோலுக்குக் கீழே போய் உள்ளேயே வளைந்து வளர்கிறது. கழுத்தில் முடி எல்லோருக்கும் மேலிருந்து கீழாக வளராது. பலருக்குத் தொண்டைக் குமிழுக்குப் பக்கத்தில் குறுக்காகப் போகும். இரண்டு நாள் முடியை விரலால் நான்கு பக்கமும் தடவினால் எந்தப் பக்கம் வழுவழுப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று தெரிந்துவிடும். வழுவழுப்பான திசையில் மட்டும் எடுங்கள். எதிர்த்திசை வேண்டவே வேண்டாம். சுருட்டை முடிக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம்.

நேற்று நன்றாக வெட்டிய பிளேடு இன்று வெட்டவில்லை

மூன்று காரணங்கள். ஒன்று, கத்தியை மடக்கும்போது பிளேடு கைப்பிடியில் உரசுகிறது. மடக்கி வெளிச்சத்தில் பாருங்கள். பிளேடு இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் நிற்க வேண்டும். உரசினால் முனை மழுங்கும், சிலசமயம் பல் விழும். வாங்கும்போதே பிளேடு போட்டு மடக்கிப் பார்த்துவிடுங்கள். இரண்டு, துண்டால் முனையைத் துடைத்திருக்கிறீர்கள். குழாயில் அலசி, உதறி, வாயைத் திறந்து காயவிட்டால் போதும். மூன்று, ஈரத்தோடு குளியலறையில் மூடி வைத்திருக்கிறீர்கள். உப்புத் தண்ணீர் காய்ந்த இடத்தில் புள்ளி புள்ளியாகப் படிவு நிற்கும், அதன் அடியில் துரு தொடங்கும்.

இது எதுவும் இல்லையென்றால் பிளேடின் ஆயுள் அவ்வளவுதான். வீட்டில் ஒருவரே பயன்படுத்தினால் ஒரு பாதி இரண்டு முதல் நான்கு சவரம் தாங்கும். இழுக்கத் தொடங்கியதும் மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு அழுத்த வைக்கும், அழுத்தினால் வெட்டும்.

கத்தி சரி, பிளேடு சரி, சாய்வும் சரி, ஆனாலும் பயம் போகவில்லை

அப்படியென்றால் கெட்டி பிளேடு வகைக்கு மாறலாம். ஆர்ட்டிஸ்ட் கிளப் வகையில் முனைக்கு முன்னால் மெல்லிய காப்பு வைத்த பிளேடும் வருகிறது. புதியவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் அது நல்ல தேர்வு. செலவு கூடும், ஆன்லைனில் முன்கூட்டியே இரண்டு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எடையையும் பாருங்கள். இலேசான பிளாஸ்டிக் கத்தி கையில் இருப்பதே தெரியாததால் நம்மை அறியாமல் அழுத்துவோம். முழு எஃகுக் கத்தி தன் எடையாலேயே இறங்கும். கை வழி காட்டினால் போதும்.

மூட்டு தளர்வு

கத்தியைத் திறந்து வாய்ப்பக்கத்தைப் பிடித்துக் கிடைமட்டமாக வைத்தால் கைப்பிடி தானாக விழக் கூடாது. விழுந்தால், திருகு வைத்த மூட்டு என்றால் கால் சுற்று இறுக்குங்கள். ரிவெட் என்றால் இரும்புக் கட்டையில் வைத்துச் சிறு சுத்தியால் மெதுவாக இரண்டு தட்டு. திருகு மூட்டுள்ளதையே வாங்குங்கள்.

சலூனுக்கு வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது

இங்கே குறை கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள்வரைகூட உயிர்ப்போடு இருக்கும். பிளேடை மாற்றிவிட்டு வாயைக் கழுவாமல் விட்டால் புது பிளேடு பழைய ரத்தத்தில் உட்காருகிறது. ஆகவே வாய் முழுவதுமாக இரண்டாகத் திறக்கும் எஃகுக் கத்தியை மட்டும் வாங்குங்கள். பிளேடைப் பக்கவாட்டில் செருகும் குறுகிய வாயில் பிரஷ் போகாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் கண்முன் புதுப் பாதி. எடுத்த பிறகு வாயை சோப்பு போட்டுப் பிரஷால் தேய்த்து, அலசி, 70 சதவீத ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். கத்தி ஊறும் நேரத்துக்கு வேலை நிற்காமலிருக்கக் குறைந்தது மூன்று கத்தி வேண்டும். பிளீச்சிங் கரைசல் எஃகை அரிக்கும், மூட்டில் துரு ஏறும். ஒரே படிகாரக் கட்டியை வரிசையாக எல்லோர் முகத்திலும் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். பொடியாக்கி ஈரப் பஞ்சில் தொட்டு வைத்து, பஞ்சை எறிந்துவிடலாம்.

பழைய பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள். தூய்மைப் பணியாளர் கையால்தான் அதைப் பிரிக்கிறார். காலி டின்னின் மூடியில் பிளேடு நுழையும் அளவு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். வீட்டுக்கு ஒரு சின்ன டின் ஒரு வருடத்துக்கு மேல் வரும். நிறைந்ததும் கீறலின் மேலும் டேப் ஒட்டி, "பிளேடு" என்று பெரிதாக எழுதி, குப்பை வண்டியில் தனியாகக் கையில் கொடுங்கள்.